லாக்கரில் பூட்டிய ஓய்வு

இரவு 9.40 மணி. சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே சுவரோரமாக வரிசையாய் லாக்கர்கள். ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்த ஒரு பெண் தன் லாக்கரைத் திறந்து செல்போனை எடுக்கிறார். ஊரிலிருந்து அம்மா இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். பார்க்கிறார், திருப்பிக் கூப்பிடவில்லை. மாடிப்படியில் போய் உட்கார்கிறார். விரல் தானாக ரீல்ஸுக்குப் போகிறது. நாய்க்குட்டி, பிரியாணி, யாரோ ஒரு ஜோடியின் நடனம், தங்கம் விலை, மறுபடியும் நாய்க்குட்டி. ஏழு நிமிடம். எழுந்து செல்போனைப் பூட்டிவிட்டு, கார்டைக் காட்டி உள்ளே போகிறார்.

அந்த மாதிரி ஒரு ஃப்ளோரில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். முதலில் ஏ.ஆர். காலராக, பிறகு டீம் லீடாக. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் தர வேண்டிய பணம் ஏன் வரவில்லை என்று போன் போட்டுக் கேட்பதுதான் ஏ.ஆர். காலிங். அங்கே கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. ஷிப்டின் பெரும்பகுதி ஹோல்டிலேயே கழியும். ஒரே இசைத்துண்டு அரை மணி நேரம் காதுக்குள் சுற்றும். எதிர்முனையில் ஆள் வந்த நொடியில் குரலில் சிரிப்பு இருக்க வேண்டும். அவர் எரிந்து விழுந்தாலும் நாம் நன்றி சொல்லித்தான் முடிக்க வேண்டும். இப்படி உணர்ச்சியையே வேலையாகச் செய்ய வேண்டியிருப்பதை ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் 1983இல் 'தி மேனேஜ்டு ஹார்ட்' என்ற நூலில் விமானப் பணிப்பெண்களை வைத்து விளக்கினார். அதை ஃப்ளோரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

திரையில் நோயாளிகளின் விவரங்கள் இருக்கும் என்பதால் செல்போன் உள்ளே போகக் கூடாது. 1996இல் அமெரிக்கா கொண்டுவந்த 'ஹிப்பா' சட்டம் அந்த விவரங்களைக் காக்கச் சொல்கிறது. அந்தக் கட்டாயம் பழைய மகாபலிபுரம் சாலை வரை வந்து லாக்கராக நிற்கிறது. ஆகவே இங்கே ஆன்லைன் பொழுதுபோக்கு என்பது வேலைக்கு நடுவே திருட்டுத்தனமாக நடப்பதல்ல. முழுக்க முழுக்க பிரேக்கில் நடப்பது. அந்த ஏழு நிமிடம் அந்தப் பெண்ணுக்கு ஓய்வு தந்ததா என்பதுதான் என்னை விடாத கேள்வி.

இது இன்று நேற்று எழுந்த கேள்வியும் அல்ல. 1990இல் விண்டோஸ் 3.0 வந்தபோது அதில் சாலிட்டேர் சீட்டாட்டமும் சேர்ந்து வந்தது. அதை எழுதியவர் மைக்ரோசாஃப்டில் பயிற்சிக்கு வந்திருந்த வெஸ் செர்ரி. மேலதிகாரி வரும்போது அழுத்தினால் ஆட்டம் மறைந்து கணக்குத்தாள் போன்ற ஒரு திரை வரும்படி ஒரு விசையும் அவர் வைத்திருந்தார். நிறுவனம் அதை எடுத்துவிடச் சொன்னது. ஆட்டம் இருக்கலாம், ஒளிந்துகொள்ளும் வசதிதான் இருக்கக் கூடாது என்பது அன்றைய ஏற்பாடு. அதன் பிறகு வந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் படித்தால், ஒளிந்து ஆடுவதற்கும் ஓய்வுக்கும் உள்ள உறவுதான் திரும்பத் திரும்ப மேலே வருகிறது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் விவியன் லிம் 2002இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எல்லோரும் தொடங்கும் இடம். வேலை நேரத்தில் இணையத்தில் மேய்வதற்கு 'சைபர்லோஃபிங்' என்ற பெயர் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. யார் அப்படி மேய்கிறார்கள் என்பதை மட்டும் அவர் கேட்கவில்லை. தனக்குத்தானே என்ன நியாயம் சொல்லிக்கொள்கிறார்கள் என்றும் கேட்டார். அலுவலகம் தன்னை நியாயமாக நடத்தவில்லை என்று நினைப்பவர் மனத்துக்குள் ஒரு பேரேடு எழுதுகிறார். நேற்று ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தேன், வரவு. இன்று இருபது நிமிடம் மேய்ந்தேன், பற்று. கணக்கு நேர். எங்கள் ஃப்ளோரில் இந்தப் பேரேடு எழுதாதவரை நான் பார்த்ததில்லை.

லிம்மும் டான் சென்னும் 2011இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 96 மாணவர்கள் இருபது நிமிடம் ஓர் உரையில் வரும் ஆங்கில 'e' எழுத்துகளையெல்லாம் அடையாளமிட்டார்கள். சலிப்பூட்டுவதே அந்த வேலையின் நோக்கம். பிறகு பத்து நிமிடம். ஒரு குழுவுக்கு இன்னொரு சிறு வேலை. ஒரு குழு இணையம் தவிர எதை வேண்டுமானாலும் செய்யலாம். மூன்றாம் குழு இணையத்தில் மேயலாம். மறுபடி எழுத்து தேடியபோது மேய்ந்து வந்தவர்களே நன்றாகச் செய்தார்கள். களைப்பும் சலிப்பும் அவர்களிடம் குறைவு. அடுத்த ஆண்டு அதே இருவரும் எழுதிய கட்டுரை ஒரு வேறுபாட்டையும் சேர்த்தது: மேய்வது மனநிலையை உயர்த்துகிறது, சொந்த மின்னஞ்சல் பார்ப்பது கீழே இறக்குகிறது. மின்னஞ்சல் பதில் கேட்கும், நாய்க்குட்டி கேட்காது.

நாய்க்குட்டியை ஏளனமாகச் சொல்லவில்லை. இண்டியானா பல்கலைக்கழகத்தில் இருந்த ஜெசிக்கா மைரிக், ஏறத்தாழ 7,000 பேரிடம் பூனை வீடியோக்களைப் பற்றிக் கேட்டு 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பார்த்த பிறகு தெம்பு கூடியதாகவும், கவலையும் எரிச்சலும் குறைந்ததாகவும் சொன்னார்கள். பலர் வேலைக்கோ படிப்புக்கோ நடுவில் பார்த்தவர்கள். மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ரப்பும் சகாக்களும் செய்த 2017 ஆய்வு இன்னும் கூர்மையானது. அலுப்பூட்டும் வேலைக்குப் பிறகு 66 பேருக்கு ஐந்து நிமிடம் தந்தார்கள். சிலருக்குச் 'சுஷி கேட்' என்ற எளிய விளையாட்டு, சிலருக்கு வழிகாட்டிய தளர்வுப் பயிற்சி, சிலர் கணினி முன் சும்மா உட்கார வேண்டும். விளையாடியவர்களின் மனநிலை தேறியது. சும்மா உட்கார்ந்தவர்களின் ஈடுபாடு குறைந்தது, கவலையும் கூடியது. திட்டு வாங்கிய ஓர் அழைப்புக்குப் பிறகு மாடிப்படியில் கண்ணை மூடி உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் குரல் மறுபடி கேட்கும். ரீல்ஸ் அதை அமுக்குகிறது. 'போனைக் கீழே வை, கொஞ்சம் மூச்சுப் பயிற்சி செய்' என்று புத்தி சொல்லும் மனநலப் பயிலரங்குகள் இந்த உண்மையைத் தொடுவதில்லை.

இதோடு நின்றால் விஷயம் சுலபம். நிற்கவில்லை. தென்கொரியாவில் ஊழியர்களை வைத்து ரீயும் கிம்மும் செய்த ஆய்வில் (2016), நடந்துவிட்டு வந்தவர்களையும் சக ஊழியரோடு பேசியவர்களையும்விட, பிரேக்கைச் செல்போனோடு கழித்தவர்களிடம் உணர்வுச் சோர்வு அதிகம். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் காங், கர்ட்ஸ்பர்க் இருவரும் 414 மாணவர்களுக்கு எழுத்துப் புதிர்கள் கொடுத்து, பாதியில் பிரேக் விட்டார்கள் (2019). பிரேக்கில் எல்லோருக்கும் ஒரே வேலை: பட்டியலிலிருந்து பொருள் தேர்ந்தெடுப்பது. சிலர் செல்போனில், சிலர் கணினியில், சிலர் காகிதத்தில். ஒரு பிரிவினருக்குப் பிரேக்கே இல்லை. செல்போன் குழு மீதிப் புதிர்களுக்கு மற்ற பிரேக் குழுக்களைவிட 19 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்தது, 22 சதவீதம் குறைவாகத் தீர்த்தது. பிரேக்கே எடுக்காதவர்களின் நிலைதான் கிட்டத்தட்ட அவர்களுடையதும்.

கணினியில் பார்த்தால் தேறுகிறார்கள், அதையே செல்போனில் பார்த்தால் தேறுவதில்லை. அப்படியென்றால் பார்க்கும் பொருளில் மட்டும் காரணம் இல்லை. செல்போனைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அதனுள் இருக்கும் எல்லாமும் நினைவுக்கு வருகின்றன: கடன் தவணைக் குறுஞ்செய்தி, குடும்ப வாட்ஸ்அப் குழு, அம்மாவின் இரண்டு அழைப்புகள். ரட்கர்ஸ் ஆய்வாளர்களும் இப்படித்தான் ஊகிக்கிறார்கள். லிம் கண்ட மின்னஞ்சல் விளைவும் இதே வழியில்தான் வருகிறது.

இன்னொரு காரணம் குற்ற உணர்ச்சி. எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. ஜெர்மனியின் லியோனார்ட் ரைனெக்கெ தன் தொடக்க ஆய்வுகளில், வேலை நேரத்தில் கணினி விளையாட்டு ஆடுபவர்கள் அதனால் தேறுவதையே கண்டார். களைப்பு அதிகமானவர்களுக்குத்தான் அது அதிகம் தேவைப்பட்டது. ஆனால் 2014இல் ஹார்ட்மன், ஈடன் இருவரோடு சேர்ந்து 471 பேரிடம் செய்த ஆய்வு ஒரு கொடுமையான சுற்றைக் காட்டியது. வேலை முடிந்து மிகவும் களைத்து வந்தவர்கள், தாங்கள் டி.வி. பார்ப்பதையும் விளையாடுவதையும் கடமையைத் தள்ளிப்போடுவதாக நினைத்தார்கள். அந்த நினைப்பு குற்ற உணர்ச்சியைத் தந்தது. குற்ற உணர்ச்சி, கிடைத்திருக்க வேண்டிய தெம்பைக் குறைத்தது. யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கே அது குறைவாகப் போய்ச் சேர்கிறது. வேலை முடிந்த பிறகே இப்படி என்றால், பிரேக் நேரம் நொடிக்கணக்கில் திரையில் ஓடும் இடத்தில் எப்படி இருக்கும்? எங்கள் டயலர் மென்பொருளில் பிரேக் என்று பதிந்த கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கும். பதினைந்து நிமிடம் தாண்டினால் கட்டம் சிவப்பாகும். 'பிரேக் எக்ஸீட்' என்ற தலைப்பில் மறுநாள் பட்டியல் வரும். டீம் லீடாக அந்தப் பட்டியலை நானும் படித்திருக்கிறேன், பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்கப்பட்டவர்கள் அதற்கடுத்த நாள் படியில் உட்கார்ந்து, ஒரு கண் ரீல்ஸிலும் ஒரு கண் மணியிலுமாக இருந்ததைப் பார்த்தபோது வருத்தமாக இருந்தது.

ஓய்வை ஆராய்பவர்களுள் சபீனே சொனன்டாக் முன்னோடி. அவரும் ஷார்லட் ஃபிரிட்ஸும் 2007இல், மனிதர் தேறுவதற்கு நான்கு அனுபவங்கள் உதவுவதாக வகுத்தார்கள்: மனத்தால் வேலையை விட்டு விலகுவது, தளர்வது, புதிதாக ஒன்றில் தேர்ச்சி பெறுவது, தன் நேரம் தன் கையில் இருப்பது. கடைசியாகச் சொன்னதை அழகாக நிறுவியது ஜான் ட்ரோகாகோஸ் குழு டொரண்டோவில் செய்த மதிய இடைவேளை ஆய்வு (2014). உணவு நேரத்தில் சக ஊழியரோடு பேசுவது நல்லதுதானே என்றால், அது தானாக விரும்பிப் பேசுவதா என்பதைப் பொறுத்தது. விருப்பமில்லாமல் கூடி உட்கார்ந்த நாளில் மாலைக் களைப்பு அதிகம். செல்போனைவிட அரட்டை எப்போதும் உயர்ந்தது என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மேலதிகாரியும் உட்கார்ந்திருக்கும் மேஜையில் அரட்டை இன்னோர் அழைப்புதான்.

இது நூறாண்டு பழைய பாடமும்கூட. 1923இல் எல்டன் மேயோ பிலடெல்பியாவில் ஒரு ஜவுளி ஆலைக்கு அழைக்கப்பட்டார். மற்றப் பிரிவுகளில் ஆண்டுக்கு ஐந்தாறு சதவீதம் பேர் வேலையை விட்டுப் போக, நூற்புப் பிரிவில் மட்டும் சுமார் 250 சதவீதம். அவர் பத்துப் பத்து நிமிட ஓய்வுகளைப் புகுத்தினார். ஆட்கள் படுத்துக்கொள்ளவும் அனுமதித்தார். உற்பத்தி ஏறியது, மனச்சோர்வு குறைந்தது. அவசர ஆர்டர் வந்தபோது மேற்பார்வையாளர்கள் ஓய்வை நிறுத்திவிட்டார்கள். சில நாளில் எல்லாம் பழையபடி சரிந்தது. கடைசியில் ஆலைத் தலைவர் குறுக்கிட்டு ஓய்வை எல்லோருக்கும் உறுதியாக்கினார். பின்னர், யார் எப்போது ஓய்வெடுப்பது என்பதைச் சிறு குழுக்களாகத் தொழிலாளர்களே தீர்மானித்துக்கொள்ள விடப்பட்டது. 'டார்கெட் முடிச்சிட்டு பிரேக் போங்க' என்று எத்தனை முறை கேட்டிருக்கிறேன். வேலைக்காக ஓய்வைத் தள்ளிவைப்பது நூறாண்டுக்கு முன்பே தோற்ற ஏற்பாடு என்று அப்போது எனக்குத் தெரியாது.

இனி ரீல்ஸுக்கு வருவோம். இந்தியாவில் டிக்டாக் 2020 ஜூன் 29 அன்று தடைசெய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது முடிவில்லாத ஸ்க்ரோல். 2006இல் அதை உருவாக்கிய அசா ராஸ்கின் பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தியவர். டீ கிளாஸ் காலியாகும், ரீல்ஸ் ஆகாது. எங்கே நிறுத்துவது என்ற முடிவை ஒவ்வொரு முறையும் பார்ப்பவரே எடுக்க வேண்டும். களைத்த மனத்துக்கு முடிவெடுப்பதும் வேலை.

டொரண்டோவின் கேட்டி டாம், மைக்கேல் இன்ஸ்லிக்ட் இருவரும் 2024இல் வெளியிட்ட ஏழு சோதனைகள் இதில் எதிர்பாராத ஒன்றைக் காட்டின. வீடியோவைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனால் சலிப்பு குறையும் என்று மக்கள் நம்புகிறார்கள். சோதனையில் நேர்மாறு: ஒரே வீடியோவை முழுதாகப் பார்த்தவர்களைவிட, மாற்றி மாற்றிப் பார்த்தவர்களுக்கே சலிப்பு அதிகம், திருப்தியும் குறைவு. சலிப்பைப் போக்கத் தள்ளுகிறோம், தள்ளத் தள்ளச் சலிப்பு வருகிறது.

எங்கள் பேன்ட்ரியில் இதற்கு ஒரு மாற்று இருந்தது: வடிவேலு. யாராவது ஒருவர் போனை டிபன் பாக்ஸில் சாய்த்து வைப்பார். எல்லோருக்கும் மனப்பாடமான காட்சி. அடுத்த வசனத்தைப் பார்ப்பவர்களே முந்திக்கொண்டு சொல்வார்கள். நான்கு நிமிடத்தில் காட்சி முடியும், போன் பைக்குள் போகும். 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் அவர் நடித்த கான்ட்ராக்டர் நேசமணி 2019 மே மாதத்தில் உலக அளவில் ட்விட்டரில் டிரெண்டானார். சுத்தியல் தலையில் விழுந்த காட்சிக்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து இத்தனை பேர் கூடினார்கள் என்றால், பழகிய சிரிப்புக்கு ஏதோ ஒரு சக்தி இருக்கிறது. ஜே டெரிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2013இல் இதைத்தான் சொன்னார்: மனத்தைச் செலவழித்த பிறகு மக்கள் ஏற்கெனவே பார்த்த கதையைத் தேடிப் போகிறார்கள், அது அவர்களுக்குத் தெம்பைத் திருப்பித் தருகிறது; புதிய நிகழ்ச்சி அப்படித் தருவதில்லை. மனவலிமை ஒரு சேமிப்பு, செலவழித்தால் தீரும் என்ற கோட்பாட்டின் மேல் அவர் கட்டியிருந்தார். அந்தக் கோட்பாடு 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது ஆட்டம் கண்டது. கோட்பாடு போனாலும், பழகிய கதையை மக்கள் நாடுகிறார்கள் என்ற கவனிப்பு எனக்கு நம்பத்தக்கதாகவே இருக்கிறது. அதில் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. என்ன வரும் என்று தெரியும், எங்கே முடியும் என்றும் தெரியும்.

அப்படியானால் ஏன் வடிவேலுவைவிட ரீல்ஸே அதிகம் ஓடுகிறது? மன உறுதி இல்லாததால் என்று சொல்லிவிடுவது எளிது. நான் நிமிடங்களை எண்ணிப் பார்த்தேன். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதென்றால் குறைந்தது ஒரு மணி நேர இடைவேளை தர வேண்டும் என்கிறது. ஃப்ளோரில் அந்த ஒரு மணி நேரம் மூன்றாக நறுக்கப்பட்டிருக்கும்: இரண்டு பதினைந்து, ஒரு முப்பது. பதினைந்தில் கதவு தாண்டி லாக்கர் திறக்க ஒரு நிமிடம், பாத்ரூம் வரிசைக்கு மூன்று, தண்ணீருக்கு ஒன்று, திரும்பி வந்து லாகின் ஆக இரண்டு, சிவப்பாகிவிடுமோ என்ற பயத்துக்கு ஒன்று. மிச்சம் ஏழு. ஏழு நிமிடத்தில் கீழே போய் நடந்து வர முடியாது. அம்மாவோடு பேசத் தொடங்கினால் பாதியில் வைக்க வேண்டும். அந்த இடத்தில் சரியாகப் பொருந்துவது முப்பது நொடித் துண்டுகள்தான். பிரேக்கின் அளவுதான் பொழுதுபோக்கைத் தேர்ந்தெடுக்கிறது.

ருமேனியாவின் திமிஷோரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அல்புலெஸ்கு குழு 2022இல் 22 மாதிரிகளை, மொத்தம் 2,335 பேரை, ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டது. பத்து நிமிடத்துக்கு உட்பட்ட சிறு பிரேக்குகள் தெம்பைக் கூட்டுகின்றன, களைப்பைக் குறைக்கின்றன. ஆனால் வேலையின் தரத்தை மொத்தத்தில் உயர்த்தியதாகத் தெரியவில்லை. பிரேக் நீள நீளத் தரமும் ஏறியது. மனத்தைக் கடுமையாகக் கரைக்கும் வேலைக்குப் பத்து நிமிடம் போதாமல் போகலாம் என்கிறார்கள். ஏழு நிமிடத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக என்ன சொல்ல முடியும்!

டீம் லீடாக இருந்த கடைசி ஆண்டில், விரும்புகிறவர்கள் இரண்டு பதினைந்தையும் சேர்த்து ஒரே முப்பதாக எடுத்துக்கொள்ளலாம் என்று என் குழுவுக்குச் சொன்னேன். நேரத்தையும் அவர்களே எழுதி வைக்கலாம். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று பேர் பழையபடி இரண்டாகவே வைத்துக்கொண்டார்கள்; அவர்களுக்கு அதுவே வசதி. இரண்டு பையன்கள் ஒரு படத்தைத் தினமும் அரை மணி நேரமாகப் பிரித்து ஒரு வாரத்தில் பார்த்து முடித்தார்கள். ஐந்து வாரம் ஓடியது. பிறகு, எந்த நேரத்தில் எத்தனை பேர் லைனில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடும் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எல்லாம் பழையபடி நறுக்கப்பட்டது.

அந்த ஐந்து வாரத்தில், மாடிப்படியில் ரீல்ஸ் பார்த்த அந்தப் பெண் தன் முப்பது நிமிடத்தை 9.30க்கு எழுதி வைத்திருந்தார். லாக்கரைத் திறப்பார், படியில் உட்காருவார், முதலில் அம்மாவுக்குப் போன் போடுவார். மழை பெய்ததா, மாத்திரை போட்டாயா, தம்பி வந்தானா. பேசி முடித்த பிறகு மிச்ச நேரத்துக்கு நாய்க்குட்டி பார்ப்பார்.